வேறுபாடு இல்லை

மார்ச் 3

மூடிய பகுதியில் இன்று நூற்றுப் பன்னிரண்டு. கட்டைவிரல் நக அளவே உள்ள அந்தச் சின்ன நீலப் பட்டாம்பூச்சிகளை வலையில் பிடித்து, இறகின் அடியில் இருக்கும் புள்ளிகளை எண்ணி விட்டுவிட வேண்டும். அணு உலை விபத்து நடந்து நான்கு வருடம் ஆகிறது. நான் படித்தது செடிகள். பூச்சி எண்ண ஆள் கிடைக்காமல் ஜனவரியில் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

உள்ளே எண்ணியதை, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நகரப் பூங்காவில் எண்ணியதோடு ஒப்பிட வேண்டும். அதுதான் சுத்தமான இடம். இன்றும் இரண்டும் ஒத்துப்போயின. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'வேறுபாடு இல்லை' என்று எழுதினேன். எழுதும்போது மனம் துள்ளியது என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கட்டம் இப்படியே நிரம்பினால் மே மாதம் ஊரைத் திறப்பார்கள். அக்கா தன் வீட்டுக்குப் போகலாம்.

மார்ச் 9

அக்கா வீட்டுக்குள் போனேன். விதிப்படி கூடாது. "அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல ஆச்சுன்னா ஹார்ன் அடிச்சுடுவேன்" என்றார் டிரைவர் அண்ணன்.

சமையலறை ஜன்னல் வழியாக ஒரு கொடி உள்ளே வந்திருக்கிறது. கூடத்தைக் கடந்து, படுக்கையறைக்குத் திரும்பி, கட்டில்மேல் ஏறிப் பூத்திருக்கிறது. ஜன்னல் சாத்திய அறை. வெளிச்சத்தை விட்டுவிட்டு இருட்டைத் தேடி ஏன் போனது? செடி படித்த எனக்கே தெரியவில்லை. தலையணை இருக்கும் பக்கம்தான் பூ அதிகம். ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

கேட்டைத் தாண்டியதும் அண்ணன் கதிர்வீச்சு மீட்டரை அணைத்துப் பையில் போட்டார். எப்போதும் அப்படித்தான். வெளியே பேட்டரியை வீணாக்குவானேன்.

அக்காவிடம் "வீடு அப்படியே இருக்கு" என்று சொன்னேன். ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இவன் அங்கதான்டி பொறக்கணும்."

மார்ச் 10

பூங்காவுக்கு அக்கா மகளும் கூட வந்தாள். வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் எல்லாம் பூங்காவை ஒட்டிய குடியிருப்பில்தான் இருக்கின்றன. பிள்ளைகளுக்குள் ஒரு விளையாட்டு. மஞ்சள் பூ ஒன்றின் நடுவிலிருந்து இன்னொரு காம்பு முளைத்து, அதன் நுனியில் இன்னொரு பூ இருந்தால் அது ரெட்டைப்பூ. அதிகம் பறித்தவர் ராணி.

"சித்தி, நான் பதினேழு!"

மூடிய பகுதியில் இதே பூவைப் பார்த்துப் போன மாதம் பயந்து போயிருந்தேன். இங்கேயும் இருக்கிறதா, அப்பாடா என்றிருந்தது. வேறுபாடு இல்லை.

மார்ச் 22

வேறுபாடு இல்லை. அக்கா பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள்.

ஏப்ரல் 2

செத்துக் கிடந்த சில பூச்சிகளைக் குத்தி வைக்க ஊசி கேட்டு, படித்த கல்லூரிக்குப் போனேன். ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா பழைய கண்ணாடிப் பெட்டி ஒன்றை நகர்த்தச் சொன்னார். உள்ளே நாற்பது சின்ன நீலம். சீட்டில் நம் பூங்காவின் பெயர். பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி.

நாற்பதிலும் இடது இறகும் வலது இறகும் அச்சு அசலாக ஒன்று. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. உள்ளேயும் சரி, பூங்காவிலும் சரி, நான் எண்ணியவற்றில் இரண்டு இறகும் ஒத்துப்போனது பத்தில் நான்குகூட இருக்காது. அந்தப் பூச்சியின் சுபாவமே அது என்று நினைத்திருந்தேன்.

"இது வேற வகையாம்மா?"

"அதேதான். நான்தானே பிடிச்சுக் குத்தி வச்சேன்."

ஊசியை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 3

பூங்காவில் மீட்டரைப் போடச் சொன்னேன். "இங்க எதுக்கும்மா?" என்று சிரித்துக்கொண்டே அண்ணன் எடுத்தார். பிறகு சிரிக்கவில்லை. உள்ளே காட்டுவதில் முக்கால் பங்கு. ஊஞ்சலுக்கு அடியில் அதைவிட அதிகம். விபத்து நடந்த வாரம் காற்று இந்தப் பக்கம் வந்து, மழை இங்கே கொட்டியிருக்க வேண்டும். சுத்தமான இடம் என்று யாரும் அளக்கவே இல்லை.

பிள்ளைகள் சுற்றி நின்று, டிக் டிக் சத்தத்துக்கு ஏற்றபடி குதித்தார்கள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினேனே — எதோடு எதை? அடிப்பாவி, மூணு மாசமா என்னத்தடி எழுதித் தொலைச்ச?

ஏப்ரல் 7

படிவங்களை வாங்கும் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் ஒண்ணுன்னு நீங்கதானே எழுதினீங்க? இப்பவும் அதைத்தானே சொல்றீங்க? இங்க ஜனங்க நல்லாத்தானே இருக்காங்க. அப்போ அங்கயும் இருக்கலாம்."

என் வார்த்தையை எடுத்து என் வாயையே அடைத்துவிட்டார். மே 5 அன்று திறப்பு.

ஏப்ரல் 8

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொடியைப் பற்றியும். "உனக்கு எதைப் பாத்தாலும் பூச்சிதான்!" என்று கத்தினாள். வீடு அப்படியே இருக்கு என்று ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டாள். நீ அழக் கூடாது என்றுதான் என்றேன். பிறகு மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

"அங்கயும் வேணாம், இங்கயும் வேணாம். எங்கதான்டி போறது?"

ஏப்ரல் 15

அத்தான் தன் தம்பி ஊரில் வீடு பார்த்துவிட்டார். முந்நூற்று இருபது கிலோமீட்டர். காற்று எப்படிச் சுற்றினாலும் அவ்வளவு தூரம் போயிருக்காது. அவர்கள் ஏறிய வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மூச்சு வந்தது.

ஏப்ரல் 20

மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். மூன்று வீட்டில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் காபி கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்றார்கள்.

மே 24

அத்தான் தம்பி ஊர் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். பேருந்தில் ஒன்பது மணி நேரம் வந்த களைப்பு ஒரே நொடியில் போய்விட்டது. விரல்களை இரண்டு முறை எண்ணினேன். காது, உதடு, உள்ளங்கால் எல்லாம் பார்த்தேன். இடதும் வலதும் ஒன்றுபோல இருந்தன. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அக்காதான் என்னைத் தேற்றினாள்.

சாயங்காலம்தான் கவனித்தேன். குழந்தை அழவில்லை, தூங்கவும் இல்லை. கண்ணைத் திறந்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தது.

"நான் வந்ததுலேருந்து கண்ணை மூடவே இல்லையே சிஸ்டர்?"

நர்ஸ் என் தோளைத் தட்டினார். "பயப்படாதீங்கம்மா, நார்மல்தான். இப்பல்லாம் இங்க எல்லாக் குழந்தையும் இப்படித்தான்."

எத்தனை வருஷமா என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

பக்கத்து அறையில் பதினோரு தொட்டில்கள். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். எல்லாம் விழித்திருந்தன.