புகார் வராத மென்பொருள்

மார்ச் 4, திங்கள்

நகராட்சி அலுவலகத்தின் எல்லாக் கணினிகளிலும் கட்டற்ற மென்பொருள் போட்டு முடித்தாயிற்று. இனி வருடா வருடம் உரிமக் கட்டணம் என்று எவனுக்கும் அழ வேண்டாம். நிரல் திறந்து கிடக்கிறது. வேண்டியதை நாமே மாற்றிக்கொள்ளலாம். மக்கள் வரியில் ஓடும் அலுவலகம் பூட்டிய பெட்டியை ஏன் வாடகைக்கு எடுக்க வேண்டும்? ஊழியர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவர் கொட்டாவி விட்டார்.

எனக்கு ஒப்பந்த வேலை, மாடியில் அறை. மேசை, புகாருக்கென்று ஒரு போன், நான்.

மார்ச் 7

போன் வரவில்லை.

மார்ச் 13

இன்றும் இல்லை. அவ்வளவு சுத்தமாகவா ஓடுகிறது! ‘அனைவரும் பயன்படுத்துகின்றனர்’ என்று மேலாளருக்கு அறிக்கை அனுப்பினேன். சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லாமல் அண்ணனைக் கூப்பிட்டேன். “ஓசில கிடைக்கிறத மாட்டிவிடுற வேலைக்குச் சம்பளம் வேறயாடா?” என்றான். சிரித்துத் தொலைத்தேன். வைத்த பிறகு புகார் போனில் சத்தம் வருகிறதா என்று எடுத்துப் பார்த்தேன். வந்தது.

மார்ச் 19

சே!

தாள் எடுக்கக் கிடங்கு அறைக்குப் போனேன். உள்ளே வரிசை. அகற்றச் சொன்ன பழைய கணினி ஒன்று அலமாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. தட்டச்சர் அக்கா அடிக்கிறார். மற்றவர்கள் காத்து நிற்கிறார்கள். மொத்த அலுவலகமும் அந்த ஒரே பெட்டியில்.

“போச்சுடா, மாடி இறங்கிடுச்சு” என்றது ஒரு குரல். எனக்கு வைத்த பேராம் — மாடி.

கத்தினேன். “ஏன் ஒருத்தர்கூடச் சொல்லல?”

அக்கா விசையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. “எதத் தம்பி சொல்றது? எங்க கை டைப்ரைட்டர்ல பழகினது. நீ போட்டதுல ஒண்ண அடிச்சா ஒண்ணு விழுது. இலவசம்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டோம்.”

நான் போட்டது ஒரே ஒரு விசைப்பலகை முறை. எனக்குத் தெரிந்த முறை. யாரையும் கேட்கவில்லை. சரி, நான் மடையன். ஆனால் இலவசம் என்றால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூட வேண்டும் என்று இவர்களைப் பழக்கியது யார்? மருந்து வரிசையிலும் பள்ளிக்கூடத்திலும் இதைத்தானே பழக்குகிறார்கள்?

மார்ச் 20

மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். “அறிக்கை போயிடுச்சுப்பா. மாசக் கடைசில தலைமை அலுவலகத்துலேர்ந்து பாக்க வர்றாங்க. அன்னிக்கு எல்லாரும் புதுசுல அடிக்கலேன்னா பழசுக்கே திரும்பிடுவாங்க.”

மார்ச் 23

டைப்ரைட்டர் முறை ஆயத்தமாகவே கிடைத்தது. ஆனால் இந்த அலுவலகத்துப் பழைய இயந்திரங்களில் சில எழுத்துகள் இடம் மாறியிருந்தனவாம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ங எங்கக்கா?”

“எனக்கென்ன தெரியும்? கையத்தான் கேக்கணும்.”

கண்ணை மூடிக் காற்றில் அடித்தார். சுண்டுவிரல் போன இடத்தைப் பார்த்து, எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் கோப்பில் நான் மாற்றினேன்.

மார்ச் 28

வந்தார்கள். எல்லோரும் புதியதிலேயே அடித்தார்கள். கிடங்கில் யாருமில்லை. மென்பொருள் தொடரும்.

ஏப்ரல் 2

மென்பொருள் தொடரும். நான் இல்லை. இம்மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. “இலவசத்துக்கு ஆள் எதுக்குன்னு கேக்குறாங்கப்பா” என்றார் மேலாளர், என் முகத்தைப் பார்க்காமல். தலைமை அலுவலகத்தில் இருப்பவனுக்கும் அதே புத்திதான்.

ஏப்ரல் 5

விசைக் கோப்பைத் திறந்து மாற்ற அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். “தொட்டா வெடிச்சிடாதே?”

“வெடிச்சா மேல கூப்பிடுங்க. மாசக் கடைசிவரைக்கும் இருப்பேன்.”

ஏப்ரல் 30, செவ்வாய்

அறைச் சாவியை ஒப்படைக்கக் கீழே போனேன். அக்கா பக்கத்து மேசைக்காரரின் கணினியில் விசைக் கோப்பைத் திறந்து வைத்திருந்தார். ‘ழ’வை வேறு விசைக்கு மாற்றியிருந்தார்.

“இத எப்பக்கா மாத்துனீங்க?”

“நேத்து. இவருக்குப் பழைய எடத்துல விரல் எட்டல.”

“என்னக் கூப்பிடலயே?”

“எதுக்குத் தம்பி? நகரு, வெளிச்சத்த மறைக்கிற.”

நகர்ந்து நின்றேன்.