கோல அறை வாசலில் செருப்புகள்

ஞாயிற்றுக்கிழமை

இந்த வருடம் கலைக்கூடத்தில் கண்ணாடிச் சிற்பங்கள் வந்தன, பழைய புகைப்படங்கள் வந்தன, ஓர் அறை நிறைய வீடியோக்களும் வந்தன. எது வந்தாலும் நான் தொண்டூழியராகத் தமிழில் விளக்கம் சொல்லும்போது கேட்க இரண்டு பேர், மூன்று பேர்தான். ஆள் சேராவிட்டால் தமிழ் விளக்கத்தையே நிறுத்திவிடுவார்களாம். சொல்லிவிட்டார்கள்.

இன்று மார்சிலிங் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பஸ் நிறையத் தமிழ்ப் பெண்கள் வந்தார்கள். இப்போதைய கண்காட்சியில் ஓர் அறையின் தரை முழுக்கக் கோலம். ஓரமாக நடந்து பார்க்கலாம். இத்தனை வாரமாக நானும் ஷூவோடுதான் அங்கே நின்று பேசினேன். இவர்களோ வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். காவலாளி பதறிப்போய் என்னைப் பார்த்தார்.

"கழட்ட வேண்டாங்க்கா, இது மியூசியம்," என்றேன்.

"கோலம் போட்டிருக்கு லா," என்றார் அவர்களைக் கூட்டிவந்த மல்லிகா அக்கா.

நானும் கழற்றினேன். தரை ஜில்லென்றிருந்தது. பின்னால் வந்த சீனத் தம்பதியும் செருப்புக் குவியலைப் பார்த்துத் தங்கள் காலணிகளைக் கழற்றினார்கள். காவலாளி சிரித்தபடி எல்லாவற்றையும் சுவரோரம் ஒதுக்கினார்.

கிளம்பும்போது மல்லிகா அக்கா, "அடுத்து என்ன எக்ஸிபிஷன்?" என்றார்.

"நாற்காலிங்க. விதவிதமா."

"அப்ப உக்காந்து பாக்கலாம். எங்க புளோக்ல இன்னும் ஆளுங்கள கூட்டிட்டு வர்றேன்."

அதிலெல்லாம் உட்காரக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. முதலில் வரட்டும்.