தாய்ப்பால் ஸ்டிக்கரும் என் மூத்த மகளின் காதும்

அனுப்புநர்:
இரட்டைப் பெண் குழந்தைகளின் தாய்,
விசைத்தறிக் கூடத் தொழிலாளி,
தறித் தொழிலாளர் குடியிருப்பு, பின்வரிசை, மாடி வீடு.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தாய் சேய் நலப் பிரிவு,
பொது சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: தாய்ப்பால், புட்டிப்பால் என்று ஸ்டிக்கர் ஒட்டி, அதை வைத்தே குழந்தையின் குறையை முடிவு செய்தது – அதனால் என் மூத்த மகளின் காது கேளாமை மூன்று வயது வரை கண்டறியப்படாமல் போனது – மருத்துவ அட்டையைத் திருத்தி, செவித்திறன் பயிற்சி மையத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு நான் கொடுத்த மனுவும், அதற்கு அவர் அனுப்பிய பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தாய்ப்பாலுக்கு எதிராக மனு கொடுப்பவள் அல்ல என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். கண்காணிப்பாளர் அப்படி நினைத்துக்கொண்டுதான் எனக்குப் பதில் எழுதினார். தாங்களும் அப்படி நினைத்துவிடக் கூடாது. என் மூத்த மகள் ஒன்றரை வயது வரை என் பால் குடித்தவள். உணவு இடைவேளையில் வீட்டுக்கு ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு, நான் சாப்பிடாமலே தறிக்குத் திரும்பிய நாட்கள் நிறைய உண்டு.

2. எனக்குப் பிறந்தவர்கள் இரட்டைப் பெண்கள். மூத்தவள் நல்ல எடையோடு பிறந்து அன்றே பால் குடித்தாள். இளையவள் எடை குறைவாகப் பிறந்ததால் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டாள். வெளியே வந்த பிறகும் அவளுக்கு உறிஞ்சிக் குடிக்க வரவில்லை. செவிலியர்கள் முயன்றார்கள், நான் முயன்றேன், என் நாத்தனார் தனக்குத் தெரிந்த யோசனை எல்லாம் சொன்னார். பீய்ச்சிக் கொடுத்த பாலும் போதவில்லை. கடைசியில் அவள் புட்டிப்பாலில்தான் தேறினாள்.

3. பிள்ளைகள் பிறந்த மருத்துவமனையில் ஒவ்வொரு குழந்தையின் மருத்துவ அட்டையின் முகப்பிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். தாய்ப்பால் என்றால் பச்சை, புட்டிப்பால் என்றால் சிவப்பு. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் என் பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர் மாறி ஒட்டப்பட்டது. பால் குடித்தவளுக்குச் சிவப்பு, புட்டி குடித்தவளுக்குப் பச்சை. நான் அங்கேயே சொன்னேன். "வெறும் ஸ்டிக்கர்தானேம்மா, அதப் பாத்தா வைத்தியம் பண்ணப் போறாங்க? அடுத்த தடவ வரும்போது மாத்திக்கலாம்" என்றார் செவிலியர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பிறகு நடந்தது என்னவென்றால், அதைப் பார்த்துத்தான் வைத்தியம் செய்தார்கள்.

4. இரண்டு வயதில் இளையவள் வாய் ஓயாமல் பேசினாள். மூத்தவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூத்தவளை அதே மருத்துவமனையின் குழந்தை மருத்துவரிடம் கொண்டு போனேன். அவர் குழந்தையைப் பார்ப்பதற்கு முன் அட்டையைப் பார்த்தார். "புட்டிப்பால் குழந்தைதானே, மூளை வளர்ச்சி கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும். நீங்க ஆரம்பத்துலயே கொஞ்சம் கஷ்டப்பட்டுப் பால் கொடுத்திருக்கலாம்" என்றார். இவள்தான் பால் குடித்தவள், வீட்டில் பேசிக்கொண்டிருப்பவள்தான் புட்டி குடித்தவள் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "அட்டையில அப்படி இல்லையே" என்று சொல்லி, 'வளர்ச்சித் தாமதம், காரணம் பாலூட்டும் முறை' என்று எழுதிக் கொடுத்தார். பெற்று வளர்த்தவளுக்குத் தெரியாதா யாருக்கு என்ன கொடுத்தேன் என்று? அன்று எனக்கு வந்த கோபத்தை இந்த மனுவில் எழுதுவது முறையாகாது.

5. பலமுறை அலைந்து ஸ்டிக்கர்களை மாற்ற வைத்தேன். அதனால் கிடைத்த பலன் இரண்டு. முதலாவது, இளையவளின் அட்டையில் சிவப்பு ஏறியதும், அவளை மந்த வளர்ச்சிக் குழந்தைகளுக்கான வகுப்புக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. அழைப்புக்குக் கட்டுப்பட்டு அழைத்துப் போனேன். அவள் போனதும், சுவர்க் கடிகாரம் ஏன் ஓடவில்லை என்று ஆசிரியையைக் கேட்டாள். அவருக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களை ஏன் கூட்டி வரவில்லை என்றும் கேட்டாள். வகுப்பு முடிவதற்குள் அந்த அம்மையாரே என்னிடம் வந்து, "இவளுக்கு நான் எதக் கத்துக் கொடுக்கறது, நீங்க கூட்டிட்டுப் போங்க" என்று கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பினார்.

6. இரண்டாவது பலன் சிரிக்கும்படியானது அல்ல. பின்னால் இருந்து கூப்பிட்டால் மூத்தவள் திரும்புவதில்லை என்று என் நாத்தனார் சொன்னதால், காதைச் சோதிக்கும்படி வேறொரு மருத்துவரிடம் கேட்டேன். இப்போது அட்டையில் பச்சை இருந்தது. "தாய்ப்பால் குடிச்ச குழந்தைக்குக் காதுல சீழ் பிடிக்கிறதெல்லாம் கம்மி, ஆராய்ச்சியே சொல்லுது. சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், தைரியமா வீட்டுக்குப் போங்க" என்று அவர் அனுப்பிவிட்டார். காதில் சீழ் பிடிப்பது வேறு, பிறக்கும்போதே கேட்காமல் இருப்பது வேறு. சிவப்பு இருந்தபோது காரணம் கிடைத்துவிட்டது என்று சோதிக்கவில்லை. பச்சை வந்தபோது குறையே இருக்காது என்று சோதிக்கவில்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே இரண்டு நிறத்தில் காமாலை.

7. பெற்றவர்களுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று தாங்கள் கேட்கலாம், கேட்பது நியாயம். நானும் என் கணவரும் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறோம். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் முகத்துக்கு முகம் பார்த்து, வாயை நன்றாக அசைத்து, கையையும் காட்டித்தான் பேசுவோம். வீட்டிலும் அதே பழக்கம். எங்கள் குடியிருப்பில் யாரும் முதுகைப் பார்த்துப் பேச மாட்டார்கள். அதனால் மூத்தவளிடம் தண்ணீர் கொண்டு வா என்றால் கொண்டு வருவாள், கதவைச் சாத்து என்றால் சாத்துவாள். வேறு வேலை செய்கிற வீட்டில் பிறந்திருந்தால் ஒரு வயதிலேயே தெரிந்திருக்கும்.

8. போன குளிர்காலத்தில் எனக்குச் சளி பிடித்து முகக்கவசம் போட்டிருந்தேன். சாப்பிட வரச் சொன்னேன். இளையவள் ஓடி வந்தாள். மூத்தவள் நின்றபடியே என்னைப் பார்த்தாள். மறுபடி சொன்னேன். அவள் என் மடியில் ஏறி, முகக்கவசத்தைக் கையால் கீழே இழுத்துவிட்டு, என் வாயைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஐயா, எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொரு முறை சொன்னேன். நான் சாப்பிடத்தான் கூப்பிடுகிறேன் என்று புரிந்துகொண்டு அவள் தட்டை எடுக்கப் போய்விட்டாள்.

9. வேறு ஊர் மருத்துவமனையில் சோதித்ததில், இரண்டு காதிலும் பிறவியிலேயே செவித்திறன் மிகக் குறைவு என்று அறிக்கை தந்தார்கள். காதுக் கருவி பொருத்தியாயிற்று. கருவி மட்டும் போதாது, பேச்சுப் பயிற்சி உடனே தொடங்க வேண்டும், மொழி பிடிபடுகிற வயது கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று காது மருத்துவர் சொன்னார்.

10. இதையெல்லாம் எழுதிக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்தேன். 'தாய்ப்பாலின் நன்மைகள் நிரூபிக்கப்பட்டவை. அவற்றைத் தாங்கள் ஐயப்படுவது வருந்தத்தக்கது' என்று பதிலும், கூடவே ஆராய்ச்சிச் சுருக்கம் சில பக்கங்களும் வந்தன. கீழ்வீட்டு அறிவியல் ஆசிரியையும் நானும் உட்கார்ந்து அவற்றை முழுவதும் படித்தோம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் தொற்று நோயும் குறைவு என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அறிவு வளர்ச்சி விஷயத்தில்தான் சண்டை. சராசரியில் கொஞ்சம் கூடுதல் என்கிறார்கள் ஒரு சாரார். நீண்ட நாள் பால் கொடுக்க முடிகிற வீடுகளில் படிப்பும் வசதியும் கூடுதல், ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது என்கிறார்கள் மறு சாரார். கண்காணிப்பாளர் அனுப்பிய பக்கங்களிலேயே இந்த இரண்டும் இருக்கின்றன. அவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார் போலும். அவர்கள் வாதம் நல்லபடியாக முடியட்டும். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அது ஆயிரக்கணக்கான குழந்தைகளின் சராசரி. கூடத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை இழை அறும் என்று மேலாளர் சொல்வார். என் தறியில் எந்த இழை அறுந்தது என்பதை நான்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

11. இப்போதைய இடர் இதுதான். செவித்திறன் பயிற்சி மையத்தில் மூத்தவளைச் சேர்க்கப் போனபோது, பிறந்த மருத்துவமனையின் அட்டையும் பரிந்துரையும் வேண்டும் என்றார்கள். அட்டையில் ஸ்டிக்கர்தான் மாறியதே தவிர, 'காரணம் பாலூட்டும் முறை' என்ற வரி அடிக்கப்படவில்லை. அதைப் படித்துவிட்டு, "இது காதுப் பிரச்சனை இல்லையேம்மா, மந்த வளர்ச்சி வகுப்புக்கில்ல போகணும்" என்று திருப்பி அனுப்பினார்கள். மருத்துவமனையோ, எழுதியவர் மாற்றலாகிப் போய்விட்டார், மேலிடத்து உத்தரவு இல்லாமல் திருத்த முடியாது என்கிறது. இந்த மாதக் கடைசியோடு சேர்க்கை முடிகிறது. விட்டால் அடுத்த ஆண்டுதான்.

12. ஆகவே, என் மூத்த மகளின் அட்டையில் உள்ள அந்த வரியை நீக்கி, காது மருத்துவரின் அறிக்கையைச் சேர்த்து, சேர்க்கை முடிவதற்குள் பரிந்துரைக் கடிதம் வழங்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். பிறக்கும் குழந்தைகள் எல்லோருக்கும், எந்தப் பால் குடித்தாலும், வீட்டுக்கு அனுப்பும் முன் காதைச் சோதிக்கவும் ஆவன செய்ய வேண்டும். ஸ்டிக்கரை ஒட்டுவதா வேண்டாமா என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். அது குழந்தையின் முகத்தை மறைக்காமல் இருந்தால் போதும்.

விசாரணைக்கு அழைத்தால் அரைநாள் விடுப்புப் போட்டு வருகிறேன். மூத்தவளையும் கூட்டி வருகிறேன். தாங்கள் அவளிடம் ஏதாவது கேட்க விரும்பினால், தயவுசெய்து அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கவும். கோப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டால் அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
இரட்டையரின் தாய்

இடம்: தறித் தொழிலாளர் குடியிருப்பு
நாள்: இம்மாதம் ஒன்பதாம் தேதி

இணைப்பு: மருத்துவ அட்டை நகல்கள் இரண்டு, காது மருத்துவரின் அறிக்கை, கண்காணிப்பாளரின் பதில் (எல்லாப் பக்கங்களும்).