பின் இருக்கையில் நீங்கள் சொன்ன அமெரிக்கக் கதைகள்

என் அன்பு தேவகி மச்சாளுக்கு,

நீங்கள் போய் ஓராண்டு ஆகப்போகிறது. பத்திரிகையில் நினைவஞ்சலியாக உங்கள் படத்தோடு போட நாலு வரிப் பாட்டு எழுதித் தரச் சொல்லி அண்ணா என்னிடம் கேட்டார். எனக்குப் பாட்டு வரவில்லை. உங்களோடு கதைக்கத்தான் வருகிறது. அதனால் இந்தக் கடிதத்தை அப்படியே கொடுக்கிறேன். எங்களோடு வேலைக்கு வந்த பெண்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

நீங்கள் இல்லாத இந்த ஒரு வருடத்தில் உங்களுக்குச் சொல்ல எவ்வளவோ சேர்ந்துவிட்டது. எதில் தொடங்குவது?

பஸ்ஸில் தொடங்குகிறேன். இந்த ரொறொன்ரோவில், மல்வேர்னில் ஏறி, விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் எங்கள் தொழிற்சாலை வரும்வரை நீங்கள் மடியில் ஒரு நாவலை வைத்திருப்பீர்கள். எல்லாம் லைபிரரிப் புத்தகங்கள். மட்டக்களப்பில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர் நீங்கள். எனக்கு அந்த நாளில் பஸ் நிறுத்தத்தின் பெயர் வாசிக்கிற அளவு ஆங்கிலம்தான். "என்ன மச்சாள் வாசிக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன். அன்றைக்குத் தொடங்கியது நீங்கள் கதை சொல்வது.

கறுப்பின எழுத்தாளர்கள், சீன வம்சத்து எழுத்தாளர்கள், மெக்சிக்கோவிலிருந்து போன தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள், செவ்விந்தியர்கள் என்று எல்லாருமே அமெரிக்காவில் பிறந்து, "நீ எந்த ஊர்?" என்ற கேள்வியோடு வளர்ந்தவர்கள். அவர்கள் எழுதியதை நீங்கள் தமிழில் சொல்லச் சொல்ல, பின் இருக்கைப் பெண்கள் ஒவ்வொருவராக எங்கள் பக்கம் நகர்ந்து வந்தார்கள்.

ஒருத்தி கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? "அன்ரி, எங்களுக்கே ஆயிரம் பிரச்சினை. கறுப்பாக்களின்ர கதை எங்களுக்கு என்னத்துக்கு?"

நீங்கள் கோபிக்கவில்லை. "இஞ்ச வந்த நாளில இருந்து நம்மளப் பாத்து நீ ஆர் எண்டு கேக்கிறாங்கதானேகா? அந்தக் கேள்விக்கு நமக்கு முன்னம் மறுமொழி சொன்ன ஆக்கள் இவங்க. என்ன சொன்னாங்க எண்டு கேட்டுப் பாப்பமே" என்றீர்கள்.

அந்தக் குளத்துக் கதையை யாரும் மறக்கவில்லை. தெற்கே ஒரு சிறிய ஊர். கறுப்புப் பிள்ளைகளையும் நீச்சல் குளத்தில் விடவேண்டும் என்று நீதிமன்றம் சொல்கிறது. சலவைக்காரி ஒருத்தி தன் மகளுக்கு நீச்சலுடை தைத்துக் கூட்டிப்போகிறாள். வாசலில் நின்றவன் அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே, கறுப்பரை இழிவாகக் கூப்பிடும் அந்தக் கேடுகெட்ட சொல்லைச் சொல்கிறான். அடுத்த கிழமை நகரசபை லொறி லொறியாக மண் கொண்டுவந்து குளத்தையே மூடிவிடுகிறது.

"அப்ப வெள்ளைக்காரரின்ர பிள்ளையளும் நீந்தேலாதே?" என்று கேட்டேன்.

"அதான்கா கதை" என்றீர்கள்.

இன்னொரு நாவலில் கறுப்பர்களுக்குள்ளேயே வெளிறிய நிறத்துக் குடும்பம் ஒன்று கரிய நிறத்து மருமகளை வீட்டுக்குள் எடுக்காது. "அவைக்குள்ளயும் உது இருக்கே?" என்று வாயைப் பிளந்தோம். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "நமக்குள்ள இல்லையாகா? மட்டக்களப்பாள் எண்டுதானே என்ட கல்யாணத்துக்கு உன்ட வீட்டார் ஒருத்தரும் வரல்ல? நீ ஒருத்திதானே வந்தாய்." பின் இருக்கை முழுக்க என்னைப் போல யாழ்ப்பாணத்துப் பெண்கள். ஆளுக்கொரு பக்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். பிறகு யாரோ ஒருத்தி சிரிக்க, எல்லாரும் சிரித்தோம். சிரித்தபோதும் எனக்கு உள்ளே ஏதோ தைத்தது. உங்களுக்கு எத்தனை வருடமாகத் தைத்திருக்கும்?

பிறகு நீங்கள் நோயில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் தலையணைக்குப் பக்கத்தில் புத்தகம் இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரிந்த கதைதானே அது.

உங்களுக்குத் தெரியாத கதையைச் சொல்கிறேன். இது உங்கள் மகளைப் பற்றியது.

இந்த மாரியில் ஒருநாள் ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "மாமி, டோன்ட் பீ மாட். ஒஃபீசில இருந்து கோல் வரும்" என்றாள்.

நடந்தது இதுதான். வகுப்பில் அதே குளத்து நாவலைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் முறைவைத்துச் சத்தமாக வாசிக்கவேண்டும். மல்வேர்னில் எத்தனை கறுப்புப் பிள்ளைகள்! பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கான அந்த ஆங்கில வகுப்பில் மட்டும் ஒரே ஒருத்திதான், எங்கள் மாடியில் இருக்கும் மார்சியாவின் மகள் ஷெரில். குளத்து வாசலில் அந்தச் சொல் வருகிற பக்கத்துக்கு வந்ததும் ஆசிரியை வரிசையை விட்டுவிட்டு ஷெரிலை வாசிக்கச் சொல்லியிருக்கிறா. "உன் குரலில் வந்தால்தான் உண்மையாக இருக்கும்" என்றாவாம். ஷெரில் தலையைக் குனிந்துகொண்டு இருந்திருக்கிறாள். ஆசிரியை திரும்பவும் கேட்டிருக்கிறா. அப்போது எங்கள் ஆரணி எழும்பி, "அவள் வாசிக்கமாட்டாள். நானும் வாசிக்கமாட்டேன்" என்று புத்தகத்தை மூடியிருக்கிறாள். இரு என்றால் இருக்கவில்லை. வகுப்பை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். இடைநிறுத்துவதா இல்லையா என்று முடிவெடுக்கப் பெற்றோரை வரச் சொன்னார்கள்.

அண்ணாவுக்கு வேலையில் விட முடியாத ஷிவ்ற். நான்தான் போனேன், மார்சியாவோடு. ஜமேக்காவிலிருந்து வந்த மார்சியா, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவ, தேவாலயத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தா. பஸ்ஸில் நான் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்: அந்த ஆங்கிலக்காரருக்கு முன்னால் நான் என்னத்தைக் கதைக்கப்போகிறேன்?

வைஸ் பிரின்சிப்பலின் அறையில் பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள்; நான் நினைத்தது எதுவும் நடக்கவில்லை. ஆசிரியை இளம் பெண். கண் சிவந்திருந்தது. மார்சியா நேராகவே சொன்னா: "என் மகள் உங்கள் பாடம் அல்ல. அந்தப் புத்தகத்தை வகுப்பை விட்டு எடுங்கள்."

அதற்கு ஆரணி "நோ!" என்று கத்திவிட்டாள். "அன்ரி, புக்கை எடுக்க வேண்டாம். அது என்ர அம்மான்ர புக்."

மார்சியா திரும்பி அவளைப் பார்த்த பார்வை! தன் மகளுக்காக எழும்பி நின்ற பிள்ளையே தனக்கு எதிராகக் கதைக்கிறாளே என்ற வலி அதில் தெரிந்தது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது மச்சாள். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தேடினேன். பிறகு, எனக்குத் தெரிந்ததையே சொன்னேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

என் மச்சாள் இந்தக் கதையை எங்களுக்கு பஸ்ஸில் சொன்னா என்றேன். அந்தச் சொல் வந்த இடத்தில் அவ அதை விழுங்கவில்லை. அந்தச் சின்னப் பிள்ளைக்குப் பக்கத்தில் எங்களையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் சொன்னா. எல்லாருக்கும் ஒரே மாதிரி நொந்தது. ஆசிரியையைப் பார்த்து, "நீங்கள் ஒரு பிள்ளையை மட்டும் குளத்து வாசலில் தனியே விட்டீர்கள்" என்றேன்.

இலக்கணம் பிழைத்திருக்கும். ஆனாலும் ஆசிரியை முகத்தை மூடிக்கொண்டா. ஷெரிலைப் பார்த்து மன்னிப்புக் கேட்டா. இடைநிறுத்தம் இல்லை என்று வைஸ் பிரின்சிப்பல் சொன்னார். புத்தகத்தைப் பற்றி முடிவு வராமல் எல்லாரும் மார்சியாவைப் பார்த்தோம். மார்சியா மகளைக் கேட்டா, "உனக்கு என்ன வேணும்?"

ஷெரில் தலையை நிமிர்த்தினாள். "புத்தகம் இருக்கட்டும். அந்தப் பக்கத்தை எல்லாரும் வீட்டில் வாசித்துவிட்டு வரட்டும். நான் வாசிப்பதை நானே தேர்ந்தெடுக்கிறேன்" என்றாள்.

அவள் தேர்ந்தெடுத்தது எது தெரியுமா? மூடிய குளத்தின் மேல் புல் முளைத்த பிறகு, அந்தப் பிள்ளை போய்க் குப்புறப் படுத்துக் கையைக் காலை அடித்து நீந்திப் பார்க்கும் பக்கம். மார்சியாவுக்கு இன்னும் முழு மனதில்லை. "புத்தகம் நல்லதாக இருக்கலாம். அதைப் படிப்பிக்கிறவர்களை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்கிறா. அதுவும் சரிதான்.

இனித்தான் உண்மையில் சொல்ல வந்தது.

ஆரணி இப்போது கதை எழுதுகிறாள். ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு ஒன்று எடுத்திருக்கிறார்கள். அதில் உங்கள் செத்தவீடு வருகிறது. அன்றைக்கு மண்டபத்தில் உங்கள் உடலை வைத்துக்கொண்டு, யாழ்ப்பாண முறையா மட்டக்களப்பு முறையா என்று எங்கள் ஆட்கள் பட்ட சண்டையை ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறாள். "அவ எங்கட வீட்டுக்கு வாழ வந்தவ, எங்கட முறைதான்" என்று கத்திய பெரியவரும் இருக்கிறார். மூலையில் வாய் பேசாமல் நின்ற அவள் அப்பாவும் இருக்கிறார்.

அண்ணா வாசித்துவிட்டுக் கொதித்துப்போனார். "வெள்ளைக்காரர் உதை வாசிச்சா எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? ஏற்கெனவே பேப்பர்க்காரர் தமிழர் எண்டால் அடிபிடிக்காரர் எண்டு எழுதுறாங்கள். வீட்டுக் குப்பையை வெளியில கொட்டாதை."

"அப்பா, இட் ஹப்பண்ட். நான் பாத்தனான்" என்றாள் ஆரணி.

அந்த நாவல்களை எழுதியவர்களையும் அவர்களுடைய ஆட்களே இப்படித்தான் ஏசினார்களாம் என்று நீங்கள் எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அதை அண்ணாவுக்குச் சொன்னேன். "எங்களை நல்லாக்களாக் காட்டினால்தான் மனுசர் எண்டு ஒத்துக்கொள்ளுவினமே, அண்ணை?" என்று கேட்டேன். அவர் தாள்களை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

அடுத்தநாள் காலை ஆரணி அந்தத் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் கண்டாள். எங்கேயும் வெட்டு இல்லை. ஒரே ஓர் இடத்தில் பென்சிலால் ஒரு திருத்தம் இருந்தது. உங்கள் ஊரின் பெயரை அவள் ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தாள். உங்கள் ஊருக்கு ஒருநாளும் போயிராத அண்ணா அதைச் சரியாக எழுதி வைத்திருந்தார்.

"அப்பா, இதை எங்க படிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

"உன்ர அம்மாவுக்கு அந்த விலாசத்துக்கு எத்தினை கடிதம் போட்டனான்" என்றார். மகள் போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

மச்சாள், உங்கள் மகள் இன்னும் எழுதுவாள். எங்களை எப்படியெல்லாம் எழுதப்போகிறாளோ தெரியாது. ஒருநாள் அதில் நானும் வருவேன். வருகிற மாதிரியே வந்துவிட்டுப் போகிறேன். யார் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டாலும், அவள் எழுதியதில் ஒரு வரியையும் வெட்டச் சொல்லி நான் கேட்கமாட்டேன். கேட்கவும் விடமாட்டேன். இது உங்களுக்கு என் சத்தியம்.

உங்கள் கல்யாணத்துக்கு வந்த ஒரே மச்சாள்,
வசந்தி
மல்வேர்ன், ரொறொன்ரோ, 1998