உளுந்து அடித்த வண்டி

786
அய்யம்பேட்டை
20-6-2002

அன்பு மகன் ஜாஃபர் சாதிக்குக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் தங்கை தஹ்மீனாவும் சுகம், சுகம் என்றுதானே எழுத வேண்டும், அதனால் எழுதுகிறேன். துபாயில் வெயில் கொளுத்துகிறதாமே, மத்தியானத்தில் வெளியே அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. உன் அம்மாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நல்லபடி முடிந்தது, எழுபது பேருக்கு நெய்ச்சோறு போட்டோம். எல்லோரும் அழுதார்கள், எனக்கு மட்டும் வரவில்லை. பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுவார்களே, உடம்பு முழுக்க அப்படி இருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் இல்லை, குறுவை கிடையாது என்கிறார்கள், அதையும் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போனில் இரண்டு தடவை கேட்டாய், அம்மாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று காரில் ஏசி ஓடியதா என்று. நல்லா ஓடியது, குளிர்ச்சியாகத்தான் போனாள் என்று சொன்னேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நெஞ்சு வலிக்காரியை பஸ்ஸில் வேகவைக்காதீங்க என்று சொல்லித்தானே போன வருஷம் லீவில் வந்தபோது அந்த மாருதியை ஏசியோடு தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்தாய். பங்குனிக் கடைசியிலேயே அதில் குளிர்ச்சி குறைந்துவிட்டது. வண்டி ஓடும்போது ஏதோ கொஞ்சம் வரும், நின்றால் வாயால் ஊதுகிற மாதிரி சூடு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒருத்தன் கேஸ் இறங்கிப்போச்சு என்று கேஸ் அடித்துவிட்டான், ஒன்றும் சரியாகவில்லை, அப்புறம் பார்க்கலாம் அப்புறம் பார்க்கலாம் என்று நான்தான் விட்டுவிட்டேன். உன் அம்மா ஒரு நாளும் குறை சொல்லவில்லை. தம்பிகிட்ட ஏசி சரியில்லன்னு சொல்லிப்புடாதீங்க, அங்க தனியா உக்காந்து மனசு கஷ்டப்படுவான் என்று மட்டும் சொன்னாள்.

நாற்பது முடிந்த மறுநாள் வண்டியை மூஸா பட்டறைக்கு எடுத்துப்போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது, வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். மூஸா பதினைந்து வருஷம் குவைத்தில் கார் ஏசி பார்த்துவிட்டு வந்தவர். வண்டியை நிறுத்தி வைத்து இன்ஜினை ஓடவிட்டார், மீட்டரை மாட்டிப் பார்த்தார், கேஸ் கொறையலண்ணே, கூடல்ல இருக்கு, எவன் அடிச்சான் இப்புடி என்று அந்த ஆளைத் திட்டினார். பிறகு முன்பக்கத்துக் கிரில்லைக் கழற்றி டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டார். ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு சல்லடை மாதிரி இருக்கிறது, ஏசியின் சூடு அது வழியாகத்தான் வெளியே போக வேண்டுமாம். அதில் உளுந்துச் சருகும் தூசியும் மெத்தை மாதிரி அடைந்து கிடந்தது. காரை வச்சா உளுந்து அடிச்சீங்க என்று சிரித்தார்.

ஆமாம், அதைத்தான் செய்தேன். பங்குனியில் பூவம்மாள் நம் தெரு முனை ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிவிட்டு, பஸ்ஸும் லாரியும் ஏறி நெற்று உடையட்டும் என்று காத்துக்கிடந்தாள். அன்றைக்கென்று ஒரு வண்டியும் வரவில்லை. பாய், நாலு தடவ போயிட்டு வாங்களேன், புண்ணியமாப் போவும் என்றாள். நாலு தடவையா, நாற்பது தடவை போனேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நம்ம புள்ள வாங்கிக் குடுத்த காரு உளுந்தும் அடிக்குது என்று ஒரே சிரிப்பு.

மூஸா அரை மணி நேரம் மெல்லத் தண்ணீர் அடித்துக் கழுவினார், கூடுதல் கேஸை எடுத்துவிட்டார். ஒரு சாமான்கூட மாற்றவில்லை. நின்ற இடத்திலேயே பல் கிட்டுகிற குளிர்ச்சி. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான், வேறென்ன. அம்மாவைக் கூட்டிப்போன அன்று ரயில்வே கேட்டில் கூட்ஸுக்காக இருபத்தைந்து நிமிஷம் நின்றோம், கத்திரி வெயில், ஏசியிலும் அனல், ஜன்னலை இறக்கினால் அதைவிட அனல். ரொம்ப வேகுதா ஹமீதா என்று கேட்டேன். இல்லீங்க, ஜில்லுன்னுதான் இருக்கு என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி இறங்கு என்றேன், இறங்கவில்லை. ஏசி இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், இதயம் அவ்வளவு பலவீனம் என்று டாக்டர் சொன்னார். படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். எனக்கு அந்த அரை மணி நேரத் தண்ணீர்தான் மனசைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஆகவே தம்பி, நீ கேட்டதற்குப் பதில், அன்று ஏசி ஓடவில்லை. அவளும் பொய் சொன்னாள், நானும் சொன்னேன். அவள் நமக்காகச் சொன்னாள், நான் எனக்காகச் சொன்னேன். கோபம் வந்தால் போன் போட்டுத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன், பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாவுக்கு யாசீன் ஓது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் சரீர சுகத்தையும் தருவானாக. அங்கே நீ ஓட்டுகிற கம்பெனி வண்டியிலும் முன்னால் அந்தச் சல்லடை இருக்கும், மணல் அடைந்திருக்கும், நாளைக்கே பார்த்துக் கழுவச் சொல்.

உன் அத்தா
சேக் தாவூது