அரிசிக் கடை போஸ்டரில் என் முகம்

வலங்கைமான்
தை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரகதீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். எப்போதும் எழுதுவதுதான் என்றாலும், இந்தத் தடவை அந்த நலத்தைக் கொஞ்சம் அழுத்திப் படித்துக்கொள். நீ, மாப்பிள்ளை, டொரோண்டோக் குளிர் எல்லாம் எப்படி என்று எழுது. நாலு நாளாக நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம், அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள்.

எதிரே பெரிய சூப்பர் மார்க்கெட் வந்ததிலிருந்து நம் அரிசிக் கடைக்கு ஆள் வரத்து குறைந்து, இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று நான் புலம்பினேன். நீதான் நம் கடைக்கும் ஒரு முகம் வேண்டும் அப்பா என்று போஸ்டர், பை, விசிட்டிங் கார்டு எல்லாம் வரைந்து அனுப்பினாய். போஸ்டரைப் போனில் பார்த்து நானே சொக்கிப்போனேன். கறுப்பு வெள்ளையில் என் முகம், சுற்றி நெற்கதிர் வளையம், கீழே 1988 முதல், அதற்கும் கீழே உங்கள் அன்புக்கு நன்றி. டொரோண்டோவில் அது அழகுதான். இங்கே ஒட்டுகிறவர் வழக்கம்போல பஸ் ஸ்டாண்டு மதகுச் சுவரில் ஒட்டிவிட்டார். அந்தச் சுவரில் கண்ணீர் அஞ்சலி தவிர வேறு எதையாவது நீ பார்த்திருக்கிறாயா? போதாததற்கு அன்று நான் நெல் பார்க்கக் கீழ்வேளூர் போயிருந்தேன், போனையும் வீட்டில் மறந்துவிட்டேன், கடை பூட்டிக் கிடந்தது.

மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கினால் கடை வாசலில் கூட்டம். அம்மாவிடம் போய்க் கேட்க யாருக்கும் துணிவில்லாமல் அங்கேயே நின்றார்களாம். பக்கத்துச் சைக்கிள் கடை இப்ராஹிம் கையில் ரோஜா மாலை. என் கெட்ட புத்திதான் தெரியுமே, சத்தம் போடாமல் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தேன். இடியாப்பம் விற்கும் ஜன்னத் பீவி, இனிமே எது பழைய அரிசி எது புதுசுன்னு நமக்கு யாருங்க சொல்லப்போறாங்க என்று அழுதார். புது அரிசி இட்லிக்கு ஆகாதும்மான்னு, கையில எடுத்ததையே திருப்பி வாங்கி வச்சிடுவாரே என்றாள் இட்லிக் கடை ராஜாத்தி. அதற்குள் இப்ராஹிம் திரும்பிப் பார்த்து மாலையைக் கீழே போட்டான். அப்புறம் அவன் திட்டியதை உனக்கு எழுத முடியாது.

எல்லாரும் சிரித்து ஓய்ந்ததும் எனக்குக் குடைச்சல் தாங்கவில்லை. ஒருத்தரையும் விடாமல், போஸ்டர்ல முதல்ல எதைப் பாத்தீங்க, கடை பேரைப் படிச்சீங்களா என்று கேட்டேன். ஒருத்தர்கூடப் படிக்கவில்லை! நெற்கதிரை மலர்வளையம் என்று நினைத்தார்களாம். விசிட்டிங் கார்டை இப்ராஹிம் மடித்து ஆடுகிற மேஜைக்குக் கீழே வைத்திருக்கிறான். ஆனால் உன் பச்சைத் துணிப்பை பிரமாதம், அடி அகலமாக இருப்பதால் பார்சல் சாய்வதில்லை என்று ராஜாத்தி இன்னொன்று கேட்டு வாங்கிப் போனாள். எனக்கு இப்போது ஒரு யோசனை. ஒவ்வொரு மூட்டை மேலும் இது எந்த ஊர் நெல், எத்தனை மாதப் பழசு, சோற்றுக்கா இட்லிக்கா என்று பெரிய எழுத்தில் ஒரு சீட்டு குத்தி வைத்தால் என்ன? எதிர்க்கடையில் அதைச் சொல்ல ஆள் கிடையாது. இதை உன் போஸ்டர்தான் எனக்குக் காட்டிக் கொடுத்தது. கெடுத்துவிட்டேன் என்று நீ அழுவதாக மாப்பிள்ளை சொன்னார். அசடு. தான் போனபின் ஊர் என்ன பேசும் என்பதை நின்று கேட்கும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? எனக்குச் சந்தோஷம்தான்.

ஒன்றுதான் மனதில் நிற்கிறது. உன் அம்மா அந்தப் போஸ்டரைப் போனில் பார்த்து நன்றாயிருக்கிறது என்றவள். நான் கீழ்வேளூர் போனதும் தெரியும். ஆனாலும் கோயிலுக்குப் போகிற வழியில் அதைச் சுவரில் பார்த்ததும் சாமி கும்பிடாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். நான் வரும்போது வாசலில் நின்றாள். தெருவென்றும் பாராமல் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாள், நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அடுத்த படம் கலரில் இருக்கட்டும், பல் தெரிய அவர் சிரிக்கிற மாதிரி இருக்கட்டும், இதை மட்டும் உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. புது சம்பா அரிசி கடைக்கு வருமுன் அந்தச் சீட்டை வரைந்து அனுப்பு. நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்றுத் தீர்க்காயுசாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். இன்று ராத்திரி போனை எடு.

இங்ஙனம்,
உயிரோடும் நல்ல பசியோடும்,
உன் அப்பா
நாகநாதன்