லீவில் வந்த கிராணி

1931 மார்ச் 4, புதன்

காலை ஐந்து மணிக்கே விழிப்பு. மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் அந்த நேரத்துக்குத்தான் பெரட்டு மணி அடிப்பார்கள். கூலிகள் வரிசையாக வந்து நிற்பார்கள், நான் விளக்கு வெளிச்சத்தில் பேர் வாசிப்பேன். இங்கே பழங்காநத்தத்தில் என்னை எழுப்ப மணியும் இல்லை, எழுந்து செய்ய வேலையும் இல்லை. பாயில் உட்கார்ந்து கொசு அடித்தேன்.

இந்த ஊரில் எதற்கும் ஓர் ஒழுங்கு கிடையாது. கிணற்றில் சேறுதான் வருகிறது. தபால்காரன் நினைத்த நேரத்துக்கு வருகிறான். கடைக்காரன் தட்டை விரலால் அழுத்திக்கொண்டே நிறுக்கிறான். கேட்டால், "மலாய்க்காரவுகளுக்கு எல்லாமே குத்தமாத்தான் தெரியும்" என்று சிரிக்கிறான். வீட்டுக்கு வந்து சொன்னால் அன்னக்கொடியும் சிரிக்கிறாள். நான் ஊரைத் திட்டத் திட்ட என் மனைவிக்குப் பெருமை. பதினோரு வருஷம் அக்கரையில் கிராணி வேலை பார்த்து, தோட்டத்துக் கணக்கு முழுவதும் கையில் வைத்திருந்த மனுஷன் அப்படித்தான் பேசுவான் என்று நினைக்கிறாள்.

அங்கே இருந்தபோது நான் அந்த ஊரைத் திட்டினேன். ஓயாத மழை, அட்டை, காய்ச்சல், உப்புச் சப்பில்லாத சோறு. மதுரை போல வருமா என்பேன். எனக்கு எந்த ஊர்தான் சரி?

தோட்டத்துத் துரையிடமிருந்து இன்றும் கடிதம் இல்லை.

மார்ச் 5

எங்காவது ஓரிடத்தில் உண்மையை எழுதி வைக்க வேண்டும். நான் லீவில் வரவில்லை.

ரப்பர் விலை விழுந்தது. போன ஆவணியில் கூலிகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். யார் போக வேண்டும் என்று பேர் எழுதியவன் நான்தான். நூற்றுக்கு மேல் எழுதினேன். மார்கழியில் துரை என்னைக் கூப்பிட்டு, விலை ஏறினால் கடிதம் போடுகிறேன் என்று கை குலுக்கினார். அவ்வளவுதான்.

இருபத்தொன்றிலும் இப்படித்தான் விழுந்தது. அப்போதும் ஆள் குறைத்தார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் விலை எழுந்தது, கப்பல் கப்பலாக ஆள் இறக்கினார்கள். இதுவும் எழும். எழுந்ததும் போய்விடுவேன். திரும்பப் போகிறவன் லீவில் வந்தவன்தானே? நாகப்பட்டினத்தில் இறங்கிய நாளிலிருந்து இதையே எனக்குச் சொல்லிக்கொண்டு வருகிறேன். அன்னக்கொடியிடமும் அதையேதான் சொன்னேன். முழுப் பூசணிக்காய், ஒரு கை சோறு.

மார்ச் 11, புதன்

இன்று கீரை வாங்கப் போனேன். கூடைக்காரி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். ஒச்சாயி! எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். புருஷனை அங்கேயே காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். ஆவணியில் நான் எழுதிய முதல் பத்துப் பேரில் அவளும் ஒருத்தி. ஒண்டி ஆள், பேச ஆளில்லை, அனுப்பினால் சத்தம் வராது என்று எழுதினேன்.

"கிராணியாரே, எப்ப வந்தீக?"

"லீவுல வந்திருக்கேன்."

அவள் கீரைக்கட்டைத் தண்ணீரில் அலசி உதறினாள். "எங்களையும் லீவுலதான் அனுப்பிச்சாக" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு கட்டு கூடுதலாக வைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்தக் கட்டு கையில் ஈரமாக இருந்தது.

இனி அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

மார்ச் 22, ஞாயிறு

முத்திருளன் வந்தான். அன்னக்கொடியின் தம்பி. நாகமலைக்கு மேற்கே அவன் ஊர், கொஞ்சம் மானாவாரி நிலம், ஒரு ஜோடி மாடு. வாசலில் நுழையும்போதே கேலி. "என்னா மச்சான், தொப்பியைக் கழட்டிட்டுத் தூங்குவீகளா, தொப்பியோடவா?" இந்த வீட்டில் என்னைக் கேலி செய்யும் ஒரே ஆள் அவன்தான். எனக்கும் அவனைப் பிடிக்கும்.

சாப்பிட்டபின் விஷயத்துக்கு வந்தான். பருத்தியை வண்டியில் ஏற்றிப்போனால் வண்டிக் கூலிக்குக்கூடக் காணவில்லையாம். "மாட்டை வித்துட்டு மலாய்க்குப் போறேன் மச்சான். நீங்க தொரைக்கு ஒரு கடுதாசி குடுத்தாப் போதும்."

"இப்ப வேணாம் மாப்ள. கொஞ்சம் பொறு. அங்கயும் அம்புட்டு நல்லா இல்ல."

"நல்லா இல்லாமத்தான் நீங்க லீவுல வந்து உக்காந்திருக்கீகளா?"

அன்னக்கொடி சிரித்தாள். எனக்கு முகம் சுட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தைதான், 'வேலை போச்சு' என்று. வாயைத் திறந்தேன். வெற்றிலை கேட்டேன்.

ஏப்ரல் 3

கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கிலீஷில், நல்ல எழுத்தில். அதை மடித்து மடிக்குள் செருகிக்கொண்டான்.

எப்படியும் மாட்டை விற்க மாட்டான் என்று நினைத்தேன். மாட்டை விற்பதும் ஒன்று, கையை வெட்டிக்கொள்வதும் ஒன்று என்று பேசுகிற ஆட்கள் இவர்கள். பேச்சுக்கு அலைந்துவிட்டு ஆடியில் உழப் போய்விடுவான். அப்படித்தான் நினைத்தேன். அப்படித்தானா நினைத்தேன்?

ஏப்ரல் 30, வியாழன்

மாட்டை விற்றுவிட்டான். சித்திரைத் திருவிழாவுக்குக் கூடியிருக்கும் மாட்டுத்தாவணிக்கு ஓட்டி வந்தான். விற்பவனும் வாங்குபவனும் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைத்தான் துணைக்கு அழைத்திருந்தான். இந்த வருஷம் எல்லாரும் விற்க வந்திருக்கிறார்கள், வாங்க ஆள் இல்லை. அடிமாட்டு விலை. மாட்டைப் பிடித்துப் போனபோது சின்னது திரும்பிப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தது. முத்திருளன் கயிறு மட்டும் என்னுடையது என்று அவிழ்த்து வாங்கிக்கொண்டான். பழக்கம் அது, மாட்டை விற்றாலும் கயிற்றை விற்பதில்லை.

துண்டு விரித்திருந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாமே. பக்கத்தில் நின்றேனே.

மே 6, புதன்

இன்று அவன் பயணம். ரயிலுக்கு முன்னால் இங்கே வந்து சாப்பிட்டான். அன்னக்கொடி கறிச்சோறு ஆக்கியிருந்தாள். கிளம்பும்போது என் காலில் விழுந்தான். "கடல் தாண்டிப் போயி நல்லபடியாத் திரும்புனவுக நீங்க. உங்க கையால திருநீறு பூசி விடுங்க மச்சான்."

பூசினேன். முகத்தைப் பார்க்காமல் பூசியதில் திருநீறு அவன் கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தான். "என்னா மச்சான், என்னையப் பிரிய மனசில்லையா?"

நான் மனுஷனில்லை.

மே 7

நாகப்பட்டினத்துக்கு ஒரு தந்தி கொடுத்துவிடலாம் என்று தபாலாபீஸ் வரை போனேன். தந்திக் கடுதாசியை வாங்கினேன். என்ன எழுதுவது? எழுதினால் தபாலாபீஸ்காரனுக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரியும். அந்தக் கடுதாசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 30, சனி

முத்திருளன் திரும்பி வந்துவிட்டான். கன்னம் ஒட்டி, தாடியோடு. அன்னக்கொடி பதறிப்போய் என்னடா என்று கேட்டாள். அவன் தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"காலு சரியில்லன்னு டாக்டர் கழிச்சுட்டாருக்கா. உடம்பு பாத்துத்தான் எடுக்கிறாக."

எனக்கு உயிர் வந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

அன்னக்கொடி அடுப்பங்கரைக்குப் போனதும் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "என் காலுக்கு ஒண்ணுமில்ல. தொறமுகத்துல உங்க தோட்டத்து ஆளுக கப்பலைவிட்டு எறங்குனாக. கேட்டேன். தோட்டத்தையே பூட்டியாச்சாம். கிராணிய எப்பவோ அனுப்பிச்சுட்டாகளாம்." டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று ஒரு தரகன் பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டானாம். மிச்சம் சாப்பாட்டுக்குப் போயிற்றாம்.

"மாப்ள..."

"அக்காவுக்குத் தெரிய வேணாங்க. உங்களுக்காகச் சொல்லல. ஊருக்குள்ள அது தலை நிமிந்து நடக்குது."

'வேணாங்க' என்றான். மச்சான் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஜூன் 14

முத்திருளன் கல் உடைக்கப் போகிறானாம், ரோட்டு வேலைக்கு. ஊரில் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்: 'கழிச்ச காலு'. அன்னக்கொடிதான் சொல்லி அழுதாள். ஓட்டமும் நடையுமாய்த் திரிகிற பயலுக்கு என்ன குறை என்று டாக்டரைச் சபித்தாள். நானும் சேர்ந்து டாக்டரைக் குறை சொன்னேன். துரைமார் டாக்டர்கள் எல்லாரும் அப்படித்தான் என்றேன்.

ஜூன் 15

அதை ஏன் சொன்னேன்?

ஜூலை 24, வெள்ளி

எழுதிவிட வேண்டும்.

ஆடி வெள்ளிக்கு முத்திருளன் ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். போனோம். என்னை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். முத்திருளன், "வாங்க, இருங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தான். அன்னக்கொடி பெண்களோடு நின்று கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கருத்தக்கண்ணன் என்று முத்திருளனின் பங்காளி ஒருவன் வந்து என் காலடியில் குந்தினான். கூடவே இன்னும் நாலு பேர். "அண்ணே, எங்களுக்கும் ஒரு கடுதாசி வேணும். முத்திருளனக் காலு சரியில்லன்னுதான கழிச்சாக? எங்களுக்கு உடம்பு இரும்புண்ணே. பொஞ்சாதி காதுத் தண்டட்டியைக் கழட்டியாச்சு. நாளைக்கு விக்கிறேன்." சிரித்துக்கொண்டே குதித்துக் காட்டினான், டாக்டர் முன்னால் குதிப்பதுபோல.

நான் முத்திருளனைப் பார்த்தேன். அவன் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சொன்ன பொய்யும் என்னுடையதுதான். இப்போது அது ஐந்து வீட்டுத் தண்டட்டிக்கு வந்து நிற்கிறது.

எழுந்து நின்றேன். பெரட்டில் பேர் வாசித்த குரல் எங்கே போயிற்றோ, கீச்சென்று வந்தது.

"முத்திருளன் காலுக்கு ஒண்ணுமில்ல. அங்க வேலையே இல்ல. தோட்டத்தப் பூட்டிட்டாக. என்னையும் அனுப்பிச்சுட்டாக. நான் லீவுல வரல. தெரிஞ்சேதான் அவனுக்குக் கடுதாசி குடுத்தேன். யாரும் எதையும் விக்காதீக."

பின்னாலிருந்து ஒருவன், "அப்ப லீவு எப்பத்தான் முடியும் கிராணியாரே?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கருத்தக்கண்ணன் சிரிக்கவில்லை. முத்திருளனும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

வீடு வரும்வரை அன்னக்கொடி பத்தடி முன்னால் நடந்தாள். கதவைத் திறந்து உள்ளே போனதும் கேட்டாள்:

"அவன் மாட்டைத் தாவணிக்கு ஓட்டிட்டு வந்தான்ல. அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"வேலை போனா போகுது. எனக்கென்ன, கூழக் குடிச்சிட்டுப் போறேன். தெரிஞ்சே பக்கத்துல நின்னீகளா?"

நின்றேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

ஜூலை 26

அன்னக்கொடி தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. "களையெடுக்க ஆளில்லையாம்" என்று மட்டும் சொன்னாள். விதைக்கவே மாடில்லாத நிலத்தில் என்ன களை?

ஆகஸ்ட் 20, வியாழன்

துரையின் கடிதம் வந்தது! ஏழெட்டு மாதமாகக் காத்திருந்த கடிதம். அவரே வேலை போய்ச் சொந்த ஊருக்குப் போகிறாராம். எனக்கு நன்னடத்தைச் சான்று ஒன்று வைத்திருக்கிறார். கண்ணுச்சாமி சுறுசுறுப்பானவன், கணக்கில் கெட்டிக்காரன், முழுக்க நேர்மையானவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இரண்டு தடவை படித்தேன். அடுப்பில் வைத்தேன். அதிலேயே சோறு கொதிக்கவில்லை, இன்னொரு விறகும் வேண்டியிருந்தது.

செப்டம்பர் 13

ஒச்சாயி தெருவுக்குப் போனேன். கீரை வாங்கினேன். "நானும் உன்னை மாதிரித்தான் வந்தேன் ஒச்சாயி" என்றேன். "அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். உன் பேரை எழுதியவன் நான்தான் என்றும் சொன்னேன். அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தத் தடவை கட்டு கூடுதலாக வைக்கவில்லை. அதுதான் சரி.

செப்டம்பர் 27, ஞாயிறு

தொப்பி, ஷூ, கடிகாரம் எல்லாம் விற்றாயிற்று. வந்தது ஒற்றை மாட்டுக்குத்தான் காணும். அதுவும் கிழடு. ஓட்டிக்கொண்டு நடந்தே போனேன், நாகமலையைச் சுற்றி. மாட்டைப் பார்த்து முத்திருளன் பல்லைப் பிடித்துப் பார்த்தான். "நல்லதுங்க" என்றான். அன்னக்கொடி உள்ளேயிருந்து வரவில்லை. அங்கேயே மாட்டுக் கொட்டத்தில் படுத்துக்கொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை.

அக்டோபர் 20, செவ்வாய்

இரண்டு நாளாக நல்ல மழை. கருத்தக்கண்ணன் தன் மாடு ஒன்றை இரவல் கொடுத்தான். கிழட்டோடு ஜோடி சேர்த்துக் கட்டி முத்திருளன் உழுதான். பின்னாலேயே நடந்து ஏர் கீறிய சாலில் மொச்சை விதை போடுவது என் வேலை. காலை முழுக்க "இப்படிப் போடுங்க, அப்படிப் போடுங்க" என்று மரியாதையாகவே சொல்லிக்கொண்டு வந்தான்.

ஒரு மடக்கில் ஏரைத் திருப்பும்போது பின்னால் பார்த்தான். விதையெல்லாம் மேட்டில் கிடந்தது. ஏரை நிறுத்தினான்.

"யோவ் மச்சான்! கண்ணு பொடதியிலயா இருக்கு? எம்புட்டுத் தடவை சொல்றது, சாலுக்குள்ள போடுய்யான்னு!"

குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாலுக்குள் போட்டேன். நேரம் ஆயிற்று. அவன் மாட்டை நிறுத்தி வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டே நின்றான். வரப்பில் அன்னக்கொடி கஞ்சிக் கலயத்தோடு வந்து நின்றாள். தம்பிக்கு ஊற்றினாள். பிறகு எனக்கும் ஊற்றினாள்.